ஆனியில் எறிந்த பழம்

அன்றைக்கு மொட்டைமாடியிலிருந்து மக்சிம் எறிந்த மாம்பழங்களில் ஒன்று மட்டும் தப்பிப் போய், எதிர்வீட்டு மதார் சாகிப்பின் பச்சைக் கண்ணாடி சர்பத் ஜாடியை உடைத்தது. பழத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. எறிந்தவனின் ஒரு கையில் போன், மறு கையில் பழம், இரண்டு கண்ணும் போனில் ஓடிய கமெண்டுகளின் மேல். அப்படி எறிந்தால் பழம் வேறு எங்கே போகும்?

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியன்று சிவன் பிச்சாண்டவராக ஊர்வலம் வரும்போது தெருவின் இருபக்க மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழம் இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் ஏந்துவார்கள். தரையில் விழுந்ததைக்கூடத் துடைத்து அங்கேயே கடித்துத் தின்பார்கள். மேலிருந்து வந்த பழத்தை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் கிடையாது. மக்சிம் வீடு கத்தோலிக்க வீடு, அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிச் செத்தவர். ஆனாலும் ஊர்வலம் போகும் தெருவில் வீடு இருந்துவிட்டால் ஆனி மாதம் ஒரு கூடை பழம் வாங்கித்தான் ஆக வேண்டும். எதிரே மதார் சாகிப் கடை வாசலில் பெஞ்சு போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் நன்னாரி சர்பத் ஊற்றிக் கொடுப்பார். இது இரண்டும் எத்தனையோ வருஷமாக நடக்கிறது. மாடியிலிருந்து லைவ் போடுவது மட்டும்தான் புதுசு.

சேனலின் பெயர் 'மொட்டைமாடி மக்சிம்'. வயது முப்பத்தாறு. கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, பாரிஸில் ஒரு காபி கேட்டு வாங்கத் தெரியாது. அம்மாவும் அக்கா லோரான்ஸும் அங்கே போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இவன் மட்டும் அங்கே வேலைக்கு வேண்டிய மொழிப் பரீட்சையில் மூன்று முறை விழுந்து, அந்த விழுந்த கதையையே வீடியோவாகப் போட்டுப் பிழைத்துக்கொண்டான். தன்னைக் கேலி செய்துகொள்ள ஒருவனுக்கு எவ்வளவு விஷயம் வேண்டுமோ அவ்வளவும் ஆண்டவர் அவனுக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தார். பார்க்கிறவர்கள் தங்களுக்கு 'மாடிப்படை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தொப்பை விழுந்த ஒருத்தனுக்குப் படையா என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, அந்தப் பெயரைப் போட்டு பனியனும் அச்சடித்தான்.

ஜாடி உடைந்தபோது ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அந்தப் பழத்தை எடுத்து வாயில் வைத்தாள். சாகிப் பெஞ்சைத் தாண்டி வந்து அவள் கையிலிருந்து அதைப் பறித்தார். திருப்பிப் பார்த்தார். பழத்தின் கன்னத்தில் நகத்தளவு பச்சைக் கண்ணாடி ஏறியிருந்தது. சாக்கடையில் வீசினார். பிறகு அண்ணாந்து, நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தார்.

"தம்பி, கண்ணாடி குத்தியிருக்கு. புள்ள வாயில வச்சிருச்சு. பார்த்து எறிங்க."

இவ்வளவும் போனில் பதிவானது. மக்சிம் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் போனைத் தன் முகத்துக்குத் திருப்பி, பழத்துக்கே சாக்கடை என்றால் எறிந்தவனுக்கு எந்தக் கடல் என்று கேட்டான். கூட்டத்தில் நெட் திணறியதால் லைவ் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அதை வெட்டி ஒட்டியவன் ஃபிரான்க். மக்சிமின் சித்தி மகன், சேனலின் எடிட்டர். சின்னப் பெண் பழத்தை எடுப்பதும், சாகிப் அதைத் திருப்பிப் பார்ப்பதும், பிறகு மாடியைப் பார்த்துப் பேசுவதும் சேர்த்துப் பதினொரு வினாடி. அந்த இடம் இழுக்கிறது என்றான் ஃபிரான்க். அது போனால் என்ன மிச்சம் என்று மக்சிம் போட்டுப் பார்த்தான். மாடியிலிருந்து பழம் வருகிறது. ஜாடி உடைகிறது. ஒரு பாய் கோபமாகப் பழத்தைச் சாக்கடையில் வீசுகிறார். மக்சிமின் முகம். சிரிப்பு. கண்ணாடியும் இல்லை, குழந்தையும் இல்லை.

"தூக்கிரு," என்றான் மக்சிம். முழு லைவையும் சேனலிலிருந்து அழித்துவிட்டான்.

முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ நான்கு பேர் சாகிப் கடைக்குப் போய் ஆளுக்கொரு மாம்பழம் வைத்துவிட்டு வந்து படம் போட்டார்கள். என் படை தங்கம்யா என்று மக்சிம் அதற்கும் ஒரு வீடியோ போட்டான். கமெண்டுகளில் பழம் போய் ஜாடி வந்தது, ஜாடி போய் பாய் வந்தது, பாய் போய் 'அவங்க' வந்தது. 'அவங்க' வந்த பிறகு மக்சிம் கமெண்டுகளைப் படிப்பதை நிறுத்தினான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தான். எண்ணிக்கைக்குக் கெட்ட வார்த்தை தெரியாது.

ஆவணியில் ஒரு சாயங்காலம் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் வந்து, கடை மூடிக்கொண்டிருந்த சாகிப்பின் மேல் ஒரு மாம்பழத்தை எறிந்துவிட்டுப் போனார்கள். பழத்துக்குள் உடைந்த கண்ணாடியைச் செருகியிருந்தார்கள். அவருக்கு இடது கண் போனது.

அன்றிலிருந்து மக்சிம் ஒரே கேள்வியை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தான். பசங்களுக்கு விஷயம் தெரியாது, தெரிந்திருந்தால் செய்திருப்பார்களா? ஃபிரான்க் அல்காரிதத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். லோரான்ஸ் அக்கா, முதலில் அங்கிருந்து கிளம்பி வா, மற்றதை அப்புறம் பேசலாம் என்றாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, போகும்போது மகனுக்குக் காட்ட ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஜெராக்ஸ் கடைத் தங்கையனிடமும் கேட்டான். தங்கையன் நாற்பது வயது ஆள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மாடிப்படையின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர் அவர்தான். தன்னைவிடச் சின்னவனான மக்சிமை 'அண்ணே' என்று கூப்பிடுவார். அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த லைவ் எப்போண்ணே என்று கேட்டார். நேரான பதில் யாரிடமும் கிடைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அந்த மரப்பு மக்சிமின் முகம் முழுக்கப் பரவி, மூன்று மாதமாக இறங்கவே இல்லை.

கார்த்திகை பிறந்து புயல் வந்தது. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாகச் சொன்னார்கள். பிற்பகல் மூன்று மணிக்கே தெரு, விளக்கு வைக்கும் நேரம்போல மங்கிப் போயிருந்தது; கரண்ட் காலையிலேயே போய்விட்டது; மழை பெய்வதும் நிற்பதுமாக, நிற்கும்போதெல்லாம் கடலின் இரைச்சல் இரண்டு தெருவைத் தாண்டி வந்து ஜன்னல் கதவுகளை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. மக்சிம் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ரஸ்க்கை ஆறிப்போன டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

தட்.

தலைக்கு மேல், மாடித் தளத்தில். தேங்காய் விழுந்த மாதிரி இல்லை, அதைவிட மெத்தென்று. பக்கத்தில் தென்னையும் இல்லை. பூனையாக இருக்கும் என்று நினைத்தான். ரஸ்க்கின் நனைந்த பாதி டீக்குள் விழுந்தது.

தட்.

குடையை எடுத்துக்கொண்டு மேலே போனான். படிக்கட்டின் பாதியிலேயே வாசனை வந்தது. மழைக்கு ஊறிய சுண்ணாம்பு வாசனையையும் உப்புக் காற்றையும் விலக்கிக்கொண்டு, தித்திப்பாக, கனமாக, மூடி வைத்த அறையில் கூடையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. மொட்டைமாடியின் நடுவில், கணுக்காலளவு தேங்கிய தண்ணீரில், இரண்டு மாம்பழங்கள் மிதக்காமல் உட்கார்ந்திருந்தன. நன்றாகப் பழுத்தவை. காம்பில் பால்கூடக் காயவில்லை.

கார்த்திகையில் மாம்பழம் ஏது? ஃபிரான்க்கின் வேலையாக இருக்கும், எங்கோ குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து யாரையாவது விட்டு எறியச் சொல்லியிருப்பான் என்று மக்சிம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நல்ல ஐடியாதான், நமக்குத் தோன்றவில்லையே என்று தொழில்முறையில் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டான். குனிந்து ஒன்றை எடுத்தான். விரலில் சுருக்கென்றது.

பழத்தின் கன்னத்தில், நகத்தளவு, பச்சைக் கண்ணாடி.

இன்னொன்றைத் திருப்பினான். அதே இடத்தில், அதே அளவு, அதே சாய்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றின் தோலில் இருந்த கரும்புள்ளிகள் மற்றதிலும் அப்படியே இருந்தன. விரலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் எதுவும் அவ்வளவாக வலிப்பதில்லை.

கீழே கூடத்தில் போன் அடித்தது. இறங்கிப் போய் எடுத்தான். எதிர்வீட்டு பஹீமா, மதார் சாகிப்பின் மகள், திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று மாதத்தில் அவள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், மூடிக் கிடந்த கடைக்கு மேலே அவர்கள் வீட்டு ஜன்னலில் அவள் போனைக் காதில் வைத்து நிற்பதே தெரிந்தது.

"மக்சிம்ணே, வாப்பாவை ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தோம். உங்க குரூப்புல வந்த மெசேஜை ஒருத்தவங்க போட்டோ எடுத்து அனுப்புனாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல கூடணும்னு போட்டிருக்கு. பழம் எடுத்துட்டு வரணுமாம்."

போலீசுக்குச் சொன்னாயா என்று கேட்டான். சொல்லியாகிவிட்டது, அரசலாற்றுப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, வழி கிடைத்ததும் வருகிறோம் என்றார்களாம். வாப்பாவை வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போகலாமே என்றான். இந்த மழையில், கண் கட்டோடு, எந்த வண்டியில் என்று அவள் கேட்டாள்.

"நான் உங்கள்ட்ட சண்டை போடக் கூப்பிடலை. முழு வீடியோ உங்கள்ட்ட இருக்குல்ல? அந்தக் கண்ணாடி, அந்தப் புள்ளை, வாப்பா சொன்னது. அதைப் போட்டீங்கன்னா அவங்களுக்கு உண்மை தெரியும். நாலு பேராவது திரும்பிப் போவாங்க. இன்னைக்காவது போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"போடுறேன்," என்றான். "ஆமா. தெரிஞ்சா போயிருவாங்க பஹீமா. நம்ம பசங்க அப்படிப்பட்டவங்க இல்லை."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஜன்னலில் அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டு மட்டும் அரையிருட்டில் நகர்ந்தது.

மணி நான்கு. முழு வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் அலமாரியில், அப்பாவின் பட்டாளத்து மெடல்களுக்குப் பின்னால் இருந்தது. மூன்று மாதமாக அங்கேயேதான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய சிரமம்கூட மக்சிமுக்கு இருக்கவில்லை. தூங்கும்போதும் தெரியும். தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் பல் விளக்கப் போனான். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போடலாம் என்று நினைத்தான். போட்டால் என்ன ஆகும்? முதலில் வெட்டியது யார் என்று கேட்பார்கள். அவ்வளவுதான். ஒரு மனிதரின் கண்ணுக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவில் அவன் மூன்று மாதம் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். வீடியோவாகப் போட்டால் நல்ல சிரிப்பு வரும்.

மடிக்கணினியில் பாதி பேட்டரி இருந்தது. போன் நெட்டை இணைத்தான். கோப்பைத் திறந்தான். ஆனி மாத வெயில் திரையிலிருந்து இருண்ட கூடத்தில் வழிந்தது. மேளம், கூச்சல், ஜாடி உடையும் சத்தம். தம்பி, கண்ணாடி குத்தியிருக்கு. ஏற்றத் தொடங்கினான். நூற்றில் ஒன்று. நூற்றில் இரண்டு.

தட். தட்.

மேலே பார்க்கவில்லை. நூற்றில் ஒன்பது. சுவரில் அம்மா மாட்டி வைத்துவிட்டுப் போன மாதா படத்தின் கண்ணாடியில், திரையின் வெளிச்சம் நடுங்கியது. வாசனை இப்போது கூடத்துக்குள்ளேயே இருந்தது. நாற்காலித் துணியில், டீ டம்ளரில், அவன் சட்டைக் காலரில். எச்சில் விழுங்கினால் தொண்டையில் தித்தித்தது.

தட். தட் தட். தட்.

நூற்றில் முப்பது. கூரை முழுவதும் இப்போது அந்தச் சத்தம்தான். மழை அதற்கு நடுவில் எங்கோ கேட்டது. நூற்றில் அறுபது. முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. மாடிப் படிக்கட்டிலிருந்து தண்ணீர் ஒரு படி ஒரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. மெல்ல. ஆளைப் போல.

நூறு.

போய்விட்டது. தலைப்பில் ஒரே வரி எழுதினான்: தப்பு என்னுடையது, அவரிடம் போகாதீர்கள். மூன்று மாதத்தில் எழுத முடியாததை எழுத ஒரு நிமிஷம்தான் ஆனது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது மாதிரி இருந்தது. அழுகை வருமோ என்று காத்திருந்தான். வரவில்லை.

முதல் கமெண்ட் வந்தது. ஒரு மாம்பழப் படம். இரண்டாவது. மாம்பழப் படம். பத்து, இருபது, நூறு. திரை முழுக்க ஒரே மஞ்சள். ஒரு எழுத்து இல்லை. சிரிப்பு இல்லை. திட்டுகூட இல்லை. திட்டுக்காக அவன் ஏங்கினான்.

நான்கரை. படிக்கட்டுத் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. கணினியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான். கதவைத் தள்ள முடியவில்லை. தோள் கொடுத்து இடித்தான். திறந்த இடைவெளியில் தண்ணீர் முழங்காலில் மோதியது.

மாடி தெரியவில்லை. பழங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை, தண்ணீருக்குள்ளே, ஒன்றன்மேல் ஒன்றாக. தண்ணீர் போகும் குழாய் வாயில் குவிந்து அடைத்துக்கொண்டு. எல்லாவற்றிலும் அந்த ஒரே பச்சை மினுக்கு. மேகத்துக்குள் எங்கோ இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அவை இழுத்து வைத்திருந்தன.

அவன் யோசிக்கவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் இறங்குகிறது, அடைப்பை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் இருந்தது. குழாய் வாயில் கை விட்டு அள்ளினான். அள்ளியதைச் சுவருக்கு வெளியே எறிந்தான். மறுபடி அள்ளினான். எறிந்தான். உள்ளங்கை கிழிந்தது. எறிந்தான். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள், இந்த மழையில் யார் இருக்கப் போகிறார்கள். எறிந்தான். எறிந்தான்.

மழை நின்றது.

சட்டென்று. காற்றும். குழாயில் தண்ணீர் கொடகொடவென்று இறங்கும் சத்தம் மட்டும். இன்னொரு கை பழத்தை எடுத்து எறிந்தவன், அப்போதுதான் அதைக் கவனித்தான்.

விழும் சத்தம் இல்லை.

எவ்வளவு பழம் எறிந்தான்? ஒன்றுகூடத் தரையில் விழவில்லை.

சுவரோரம் போக எட்டு அடி. காலில் பழங்கள் இடறின. எட்டு அடியும் போனான். எட்டிப் பார்த்தான்.

தெரு நிறைய ஆள். முனைவரை. சாகிப் கடை ஷட்டரில் முதுகு ஒட்டும் அளவுக்கு நெருக்கமாக நின்று, எல்லாரும் அவன் வீட்டைப் பார்த்து, அண்ணாந்து. ஒரு கோஷம் இல்லை. ஒரு இருமல் இல்லை. மழைக்கோட்டுப் போட்டவர்கள், ஹெல்மெட் போட்டவர்கள், கழுத்தில் சிலுவை தொங்கியவன், நெற்றியில் நனைந்து வழிந்த விபூதி, குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். முன்வரிசையில் தங்கையன், பையில் இரண்டு பேனாவோடு. எல்லார் கையிலும் ஒரு பழம். முந்தானையில், துண்டில், ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதில். பிடித்திருந்தார்கள். ஒன்று விடாமல்.

எதிர் ஜன்னலில் பஹீமா. அவள் தோளுக்குப் பின்னால் வெள்ளைக் கட்டு. மீதி இருந்த ஒரு கண் மக்சிமைப் பார்த்தது. அவன் எறிவதை அவர்கள் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

"நான் எறியலை," என்றான் மக்சிம்.

கீழே ஒருவர் பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

"தின்னாதீங்க," என்று கத்தினான். "உள்ள கண்ணாடி. கண்ணாடி இருக்குப்பா. கீழ போடுங்க."

யாரும் கீழே போடவில்லை.

அந்தச் சத்தம். மழை விட்ட தெருவில் நூறு வாய்கள் மெல்லும் சத்தம். முதலில் சதைச் சத்தம். அப்புறம் நறநறவென்று. அரிசியில் கல் கடிபட்டால் மண்டைக்குள் கேட்குமே, அது. ஒரே சீராக. அவசரமில்லாமல். முழங்கைவரை மஞ்சள் வழிந்தது. அப்புறம் சிவப்பு. இடுப்பிலிருந்த குழந்தைக்குத் தாய் ஒரு துண்டைக் கடித்துக் கொடுத்தாள். குழந்தை வாயைத் திறந்தது.

மக்சிமின் கைகள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவை அவனுடைய கைகள்தானா என்று பார்த்தான். ஆமாம்.

தின்று முடித்தார்கள். எல்லாரிடமும் கொட்டை மிஞ்சியது. ஒவ்வொருவராகக் கொட்டையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு திரும்பினார்கள். முதலில் பின்வரிசை. அப்புறம் அடுத்தது. தலைகள், மெல்ல, வயலில் காற்றுத் திரும்புவதுபோல. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து.

பஹீமா நகரவில்லை.

தங்கையன் மட்டும் இன்னும் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை காப்பி என்று கேட்பாரே, அந்த முகம்.

"தங்கையன்," என்றான் மக்சிம். "வீடியோ போட்டேன்ல. பார்த்தீங்கல்ல? கண்ணாடி குத்தியிருந்துச்சு. அந்தப் புள்ளைக்காகத்தான் அவரு தூக்கிப் போட்டாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்லை. உங்களுக்குத் தெரியாது, இப்பத்தான் தெரிஞ்சுது. இல்லையா? தெரியாமத்தானே செஞ்சீங்க?"

தங்கையன் வாயிலிருந்த எதையோ நாக்கால் தேடி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பச்சையாக இருந்தது. அதை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையை இறுக்கிய கையைத் தோளுக்கு மேல் தூக்கியபடி, மூன்று மாதமாக யாரும் சொல்லாத பதிலைச் சொன்னார்.

"இல்லண்ணே. நான் லைவ்லயே பார்த்தேன். எங்க எல்லாருக்கும் முதல் நாளே தெரியும்."